கோல் சரியாகத்தான் இருந்தது

உட்காருங்கள். உங்களை ஏற்றமாட்டார்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர் இந்த இடிமுழக்கம் ரோலர் கோஸ்டரில் ஏறக்கூடாது. போர்டில் எட்டாவது விதி. அதைப் படிக்காமல் அரை மணி நேரம் வரிசையில் நின்றீர்கள், அது உங்கள் தவறு. உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் மேலே ஏறுமேடைக்குப் போய்விட்டார்களா? முறை வந்து ஏறி இறங்கி வர இருபது நிமிஷம் ஆகும். பையை மடியில் வையுங்கள். கீழே வைத்தால் குரங்கு தூக்கும்.

எனக்கு இங்கேதான் வேலை. சட்டையில் குத்தியிருக்கும் அட்டையைப் பார்க்கிறீர்கள். வாய்விட்டுப் படிக்கவேண்டாம், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'விருந்தினர் உதவி'. ஏற முடியாதவர்களை உட்காரவைப்பது, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது. வேண்டுமா? வேண்டாமென்றால் நல்லது. குழாய் அந்தக் கோடியில் இருக்கிறது.

போன மாசம் வரைக்கும் நான் அதோ அந்த வாசலில் நின்றவன். உயரம் பார்ப்பவன். நூற்றிருபது சென்டிமீட்டர். அதற்குக் கீழே யாரும் ஏறக்கூடாது, மந்திரி வீட்டுப் பிள்ளையானாலும். நான் கையை நீட்டினால் வரிசை நிற்கும், மடக்கினால் நகரும். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் என் கையைப் பார்த்து நின்றார்கள். இப்போது உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறேன். அந்த இடத்தைத் திரும்பக் கேட்டு மூன்று மனு எழுதிவிட்டேன். பதில் இல்லை. நான்காவது எழுதப்போகிறேன்.

அங்கிருந்து என்னை ஏன் எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடியும்.

என் பேர் சிங்காரவேலு. ரிடையர்டு ஹெட் கான்ஸ்டபிள். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். அதில் இருபத்திரண்டு வருஷம் போலீஸ் ஆள் எடுப்பில் உயரம் பார்த்தவன். ஓட்டம் பார்ப்பவன் வேறு, மார்பு அளப்பவன் வேறு. உயரத்துக்கு நான். நூற்றெழுபது இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் வெளியே. நான் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது. முடிக்குள் புளி உருண்டையை வைத்து வாரிக்கொண்டு வந்தவனைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்காலில் அட்டையை ஒட்டி அதன்மேல் மண்ணைப் பூசி வந்தவனைப் பார்த்திருக்கிறேன். படுத்துக் கிடந்தால் மனிதன் கொஞ்சம் நீளுவான் என்று எவனோ சொல்லக் கேட்டு, மூன்று நாள் பாயிலேயே கிடந்து, வேனிலும் படுத்தபடியே வந்து, மைதானத்து வாசலில் பிணம் எழுந்த மாதிரி எழுந்து நின்றவனையும் பார்த்திருக்கிறேன். அவனுக்குத் தலைசுற்றி விழுந்துவிட்டான். விழுந்தவனை எப்படி அளப்பது? வெளியே.

என்னை எடுத்தபோது யார் அளந்தது என்றா? என் தாய்மாமன் அங்கே ரைட்டர். அவரே அளந்தார். அது வேறு விஷயம். குறுக்கே பேசாதீர்கள் என்றேனே.

ரிடையர் ஆன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. மருமகளிடம் சமையல்கட்டில் ஜாடியை எங்கே வைக்கவேண்டும் என்று சொன்னேன், அதிலிருந்து பேச்சில்லை. அப்போதுதான் இந்தப் பார்க்கில் ஆள் கேட்டார்கள். வந்து பார்த்தால் உயரம் பார்க்க என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஒட்டகச்சிவிங்கி. தகரத்தில் வெட்டிச் சாயம் அடித்த ஒட்டகச்சிவிங்கி. அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. தலை கோட்டைத் தொட்டால் ஏறலாமாம். அந்த மிருகம் சிரிக்கிறது வேறு. சிரிக்கிற சாமானை வைத்துக்கொண்டு சட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது?

மேனேஜர் ஜெபராஜ் முப்பது வயதுப் பையன். என்னை அங்கிள் என்பான். எனக்கு அவன் உறவில்லை. அவனிடம் சொன்னேன், இந்தத் தகரத்தை எடு, நான் கோல் கொண்டுவருகிறேன் என்று. ஆள் எடுப்பு மைதானத்தில் நான் வைத்திருந்த அதே கோல். தேக்கு. பித்தளைத் தகட்டில் நம்பர் அடித்தது. புது மெஷின் வந்தபோது பழைய சாமான்களோடு ஏலத்துக்குப் போனதை நான்தான் எடுத்தேன். மேலே வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு கட்டை உண்டு. தலையில் வந்து டக்கென்று உட்காரும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் வெளிறிப்போவார்கள். ஜெபராஜ் தயங்கினான். பிள்ளைகள் பயப்படுவார்கள் அங்கிள் என்றான். பயப்படட்டும் என்றேன்.

ஏப்ரலில் கோலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். ஜனங்களைச் சொல்லுகிறேன் கேளுங்கள். டிக்கெட் கவுண்டரிலும் உயரம் பார்த்துத்தான் டிக்கெட். குள்ளமாக இருந்தால் அரை டிக்கெட். அங்கே அம்மாக்காரி பிள்ளையின் காதில் ரகசியம் சொல்வாள், முழங்காலை மடக்குடா என்று. நாற்பது அடி தள்ளி என்னிடம் வந்ததும், குதிகாலை எக்குடா. நாற்பது அடியில் பிள்ளை ஒரு சாண் வளர்ந்துவிடும். அரிச்சந்திரன் பரம்பரை. ஒருத்தி பெண்ணின் கொண்டையை உச்சியில் கோபுரம் மாதிரிக் கட்டிக் கூட்டிவந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். பூ வைத்திருக்கிறோம், அவிழ்க்கக்கூடாது என்றாள். அப்படியென்றால் கோவிலுக்குப் போங்கள் என்றேன். ஒரு கவுன்சிலர் தன் பிள்ளையைக் கொண்டுவந்தார். கோலில் நூற்றுப் பத்தொன்பது. விட்டேனா? அவர் போன் எடுத்தார். எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரி தீரும்வரை பேசுங்கள், நூற்றுப் பத்தொன்பது நூற்றுப் பத்தொன்பதுதான் என்றேன். வரிசையில் கைதட்டினார்கள் சார். அந்தக் கைதட்டல் எனக்கு சர்வீஸில்கூடக் கிடைத்ததில்லை.

அழுத பிள்ளைகள் நிறைய. கொஞ்ச நாளில் அழுகையிலேயே தரம் பிரிக்கத் தெரிந்துவிட்டது. நிஜமாக அழுகிறது எது, ஐஸ்கிரீமுக்கு அழுகிறது எது என்று. எதற்கும் நான் மசிந்ததில்லை. ஜெபராஜ் வந்து, அங்கிள், போன வருஷத்தைவிட இந்த வருஷம் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புறோமே என்றான். போன வருஷம் ஒட்டகச்சிவிங்கி பார்த்தது, இந்த வருஷம் நான் பார்க்கிறேன் என்றேன். போய்விட்டான்.

மே முதல் வாரம் அந்தப் பெண் வந்தாள். இலக்கியா. எட்டு வயது. கூட அவள் அப்பன். தணிகைவேல் என்று பேர், ஒரு ஷூ கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருப்பான் போல, நீலச் சட்டை, தோளில் கயிறு, விசில், பூட்ஸ் எல்லாம் அப்படியே. கம்பெனியில் கோடை பாஸ் கொடுத்தார்களாம், மே மாசம் முழுக்க வரலாமாம். பெண்ணை அளந்தேன். நூற்றுப் பத்தொன்பது. கையை நீட்டினேன்.

மற்றப் பிள்ளைகள் மாதிரி அவள் அழவில்லை. கோலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்க ஸ்கூல்ல நூத்தி இருபத்தொண்ணுன்னு போட்டாங்களே" என்றாள்.

ஸ்கூலில் வாத்தியார் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார், அது அளவா? வளர்ந்துட்டு வா என்றேன். அப்பன்காரனும் கோலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பித்தளைத் தகட்டை. நகரச் சொன்னேன், நகர்ந்தான்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்கள். கையில் காகிதம். பி.டி. வாத்தியார் கையெழுத்து, பள்ளிக்கூட முத்திரை, நூற்று இருபத்தொன்று. காகிதத்துக்கு உயரம் இருக்கலாம், பெண்ணுக்கு இல்லை என்றேன். டக். நூற்றுப் பத்தொன்பது. வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. அப்பன் அவள் தோளில் கை வைத்து, "வாம்மா, அவரு பெரிய ஆளு, அவரு அளந்தா அளந்ததுதான்" என்றான். மரியாதை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறும் வந்தார்கள். இந்தத் தடவை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் எழுதி வாங்கி வந்திருப்பாள், அடுத்தது கலெக்டரிடம் போவாள் என்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன். காகிதம் இல்லை. பாவாடை மடிப்பிலிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். தையல்காரர் வைத்திருக்கும் மஞ்சள் டேப். அவள் அம்மா ஜாக்கெட் தைப்பவளாம். தன்னை அளந்துகொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். சரி, அளந்துகொள்ளட்டும், சிரிக்கலாம் என்று விட்டேன்.

அவள் கோலை அளந்தாள்.

குனிந்து டேப்பின் ஒரு முனையைத் தரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். மறுமுனையைக் கோலில் நூற்றிருபது என்று போட்டிருக்கும் இடத்துக்கு இழுத்துப் பிடித்தாள். அப்பனைக் கூப்பிட்டாள். "அப்பா, பாரு. கோல்ல நூத்தி இருபதுன்னு இருக்கு. தரையிலேர்ந்து நூத்தி இருபத்திரண்டு இருக்கு."

இதற்கு விளக்கம் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். கோலுக்கு அடியில் ஒரு பலகை உண்டு, இரண்டு சென்டிமீட்டர் கனம், அதுவும் தேக்கு. நிற்கிறவன் அந்தப் பலகைமேல் ஏறி நிற்கவேண்டும். பலகையிலிருந்துதான் எண் ஆரம்பிக்கிறது. மைதானத்தில் அப்படித்தான். இங்கே என்ன ஆகிறது, அலைக்குளத்தில் குதித்துவிட்டுப் பிள்ளைகள் சொட்டச் சொட்ட வருகிறார்கள். ஈரக் காலை வைத்தால் தேக்கு என்ன ஆகும்? அதனால் கோலைத் திருப்பி வைத்தேன். பலகை அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம் தரையில். மேல்கட்டை எந்தப் பக்கமும் திரும்பும், அதனால் கஷ்டமில்லை. பலகை இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது, வேண்டுமானால் பழைய சாமான் போடும் கிட்டங்கியில் போய்ப் பாருங்கள்.

ஆக, கோல் சரியாகத்தான் இருந்தது. ஒரு நூல் பிசகில்லை. நிற்கிற இடம்தான் கொஞ்சம் கீழே. அதையே ஜெபராஜிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அங்கிள், அப்போ ஏப்ரல்லேர்ந்து நூத்தி இருபது, நூத்தி இருபத்தொண்ணு இருந்த பசங்க எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கோம்" என்றான். இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் கேட்டால் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் பாதுகாப்புதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். எங்க பையனையும் போன வாரம் திருப்பி அனுப்பினார் என்றாள் ஒருத்தி. பாருங்கள், அதே ஜனங்கள்தான் கைதட்டியவர்கள்.

அதோடு முடிந்திருக்கும். பெண்ணை ஏற்றிவிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும் என்று ஜெபராஜ் சொன்னான். மன்னிப்பைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்போது அந்தத் தணிகைவேல் பேசினான். மூன்று ஞாயிறாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன்.

"சார் ஆள் எடுப்புல இருந்தீங்களா?" என்றான்.

இருந்தேன் என்றேன்.

"தொண்ணூத்தெட்டுல?"

அந்த வருஷமும் நான்தான் என்றேன்.

"அன்னைக்கி மழை சார். மைதானம் பூரா சேறு. நான் ஓட்டத்துல மூணாவதா வந்தேன். மழை பேஞ்சா அங்கயும் கோலை இப்படித்தான் திருப்பி வைப்பீங்களா?"

வைக்காமல்? சேற்றுக் காலோடு ஆயிரம் பேர் ஏறினால் பலகை என்ன கதி ஆகும்? அரசாங்கச் சொத்து. மழை நாளென்றால் காலையிலேயே திருப்பிவிடுவேன். ஒரு அதிகாரி அதைப் பார்த்து, சிங்காரவேலு மாதிரி சாமானைக் காப்பாற்றுகிறவன் யாரும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதையும் அவனிடம் சொன்னேன். சொல்லவேண்டியதுதானே.

அவன் ஒன்றும் கத்தவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தான், மேஜோடைக் கழற்றிப் பூட்ஸுக்குள் வைத்தான். நிதானமாக. வரிசை நின்றுவிட்டது, நான் கையே நீட்டவில்லை. பிறகு கோலைப் பிடித்து, நேராக இருக்கவேண்டிய பக்கம் திருப்பினான். பலகைமேல் ஏறினான். குதிகால் சேர்த்து, மார்பை விரித்து, முகவாயைத் தூக்கி நின்றான். சொல்லிக்கொடுத்த மாதிரி. கண் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தது. ஆள் எடுப்பில் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

"கட்டையை இறக்கும்மா" என்றான்.

அந்தப் பெண் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி இறக்கினாள். டக்.

"நூத்தி எழுபது. அதுக்குக் கொஞ்சம் மேலயே இருக்குப்பா."

முடி இருந்தால் அரை சென்டிமீட்டர் கழித்திருப்பேன். அவன் தலையில் ஒன்றுகூட இல்லை. நாற்பத்தெட்டு வயதுக்கு மோசமான வழுக்கை.

"அன்னைக்கி நூத்தி அறுபத்தெட்டரைன்னு எழுதினீங்க" என்றான். எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை ஆயிரம் பேர். ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் வைத்துக்கொள்ள முடியுமா? ஊருக்குப் போனதும் அவன் அப்பா கேட்டாராம், குள்ளமாடா நீ என்று. வரன் பேச வந்த இடத்தில் கேட்டார்களாம். அடுத்த வருஷம் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்களாம், இவன் போகவில்லையாம். அளந்து சொன்ன பிறகு எப்படி வளர முடியும் என்று இருந்துவிட்டானாம். இதையெல்லாம் அந்தப் பலகைமேல் நின்றபடியே, முகவாயை இறக்காமல் சொல்கிறான் சார். இடிமுழக்கம் மேலே இரண்டு தடவை போய்வந்தது.

எப்படியோ தொப்பி போடுகிற வேலைதானே கிடைத்திருக்கிறது, சும்மா இல்லையே என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். ஜெபராஜ் என்னை முறைத்தான்.

அவன் இறங்கவில்லை. "சொல்லுங்க சார்" என்றான்.

என்ன சொல்வது என்றேன்.

"நீங்க சொல்றதுதான். அளந்துட்டு உரக்க ஒரு வார்த்தை சொல்வீங்களே."

சொல்வேன். எண்ணைச் சொல்லிவிட்டு, பாஸ் என்பேன். இல்லையென்றால் வெளியே என்பேன். மைதானம் முழுக்கக் கேட்கும். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அந்த வார்த்தைக்காக அவன் அங்கே நிற்கிறான். பெண் ஸ்டூல்மேல் நின்று என் வாயைப் பார்க்கிறாள். வரிசை பார்க்கிறது. ஜெபராஜ் என் காதருகே வந்து, சொல்லிடுங்க அங்கிள், ஒரு வார்த்தைதானே என்றான்.

நீங்களே சொல்லுங்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரனைப் பாஸ் என்று எப்படிச் சொல்வது? ஆள் எடுப்புக்கு வயது வரம்பு இருக்கிறது. எனக்கு விதி தெரியும். அதனால் உரக்கவே சொன்னேன். "உயரம் நூத்தி எழுபது. வயசு தாண்டிடுச்சு. வெளிய."

யாரும் கைதட்டவில்லை.

அவன் இறங்கினான். மேஜோடு மாட்டினான், பூட்ஸ் மாட்டினான், கயிறு கட்டினான். பெண்ணை வாசலில் விட்டு, நீ போய்ட்டு வாம்மா என்றான். அவள் ஏறினாள், முதல் வரிசையில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. இவன் இதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். அவனுக்கு ஸ்டென்ட் கிடையாது. பிரஷர் கிடையாது, கேட்டேன். உயரம் இருக்கிறது. எந்த விதியும் தடுக்கவில்லை. ஏன் ஏறவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. திடமில்லாத ஆள். போலீஸ் வேலை அவனுக்கு ஒத்துவந்திருக்காது.

அன்று சாயங்காலமே என்னை மாற்றிவிட்டார்கள். அந்தப் பல்லிளிக்கிற தகரம் திரும்ப வந்துவிட்டது. நான் விதிக்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னேனா? ஒரு பொய் சொன்னேனா? கோலில் பிசகு உண்டா? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். இந்தாருங்கள், விருந்தினர் கருத்துப் புத்தகம். ஒரு வரி போதும். 'சிங்காரவேலு அவர்களை மீண்டும் வாசலில் நியமிக்கவும்'. மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன். பேனா இருக்கிறது, பிடியுங்கள்.

என்ன யோசிக்கிறீர்கள்? இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்தது என்றா கேட்கிறீர்கள்? அதை யார் எழுதிவைப்பார்கள்? எங்கள் மாவட்டத்தில் ஆள் எடுப்பு எப்போதும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை பெய்யாமல் என்ன செய்யும்?

எழுதுங்கள்.